ஜைனபுவின் ரத்தம் உறையவில்லை

போன மாதம் உங்களில் ஒருத்தி எனக்குப் போன் செய்தாள். பெயரைச் சொல்ல மாட்டேன். அவளுக்கே தெரியும். மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன், பாதித் தூக்கம். சிறுநீரகம் மாற்றி வைத்து ஐந்து மாதம் ஆன நாலு வயதுப் பையன் ஒருவன் அவர்கள் ஆஸ்பத்திரியில் இருக்கிறானாம். வார்டு முழுக்க ஓடி விளையாடுகிறானாம். ரத்தத்தில் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற என்சைம் மட்டும் எக்கச்சக்கமாக ஏறி நிற்கிறதாம். மருந்தை மாற்றலாமா, ஈரலில் ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்க்கலாமா என்று டாக்டர்கள் பேசிக்கொள்கிறார்களாம்.

"மெஷின் தப்பா இருக்குமாம்மா?" என்று கேட்டாள்.

"மெஷின விடு. எந்த பாட்டில்ல ரத்தம் எடுத்தாங்கன்னு பாத்தியா?"

அவள் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

திரும்பப் படுத்ததும் தூக்கம் வந்தது. கூடவே அந்தச் சிவப்பும் வந்தது. எனக்கு வருகிற கனவு ஒன்றுதான். ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் மெதுவாகச் சிவப்பு ஏறுகிறது. எங்கேயோ ரயில் பாலத்தைக் கடக்கிற சத்தம். யாரோ ஒரு சின்னப் பெண் "ஒரு குத்தா, ரெண்டு குத்தா?" என்று கேட்கிறாள். நான் பதில் சொல்வதற்குள் விழித்துக்கொள்வேன். அன்றைக்கும் அப்படித்தான் விழித்தேன். விழித்ததும் அந்தப் பெண்ணைத் திட்டியது பாதிதான், சொல்ல வேண்டிய மீதி உள்ளேயே நிற்கிறது என்று பட்டது. மீதி இது. லேபுக்குப் புதிதாக வந்திருக்கிற எல்லாரும் படியுங்கள்.

அறுபதுகளின் நடுவில் நான் கடலூரில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியன். வயது இருபத்தாறு. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து காலை ரயிலில் வருவேன். நெல்லிக்குப்பம் வரும்போது கரும்புப் பாகு வாசனை பெட்டிக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். கடலூரில் இறங்கிய பிறகும் புடவையில் அது இருக்கும். லேபின் ஜன்னலைத் திறந்தால் கெடிலம். வெயில் ஏறினால் ஆற்று மணல் கண்ணைக் கூசும். மத்தியானங்களில் அந்த மணல் மிதப்பது மாதிரி இருக்கும். வெந்நீர்த் தொட்டியின் முனகலைக் கேட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தால் நான் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துபோகும். அது மறக்கக்கூடாத வேலை. இருந்தாலும் மறந்தது.

அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் சிறுநீரகம் மாற்றி வைப்பதெல்லாம் கிடையாது. வெளிநாட்டில் செய்கிறார்கள் என்று டாக்டர்கள் பேசிக்கொள்வார்கள். எங்களுக்கு அது சந்திரனுக்குப் போகிற கதை. இங்கே சிறுநீரகம் கெட்ட பிள்ளைகள் வீங்குவார்கள். முகம் வீங்கும், வயிறு வீங்கும், கண் இமை இரண்டும் ஒட்டிக்கொள்ளும். நிறையப் பேர் இறந்துபோவார்கள். அப்போதுதான் ஸ்டீராய்டு மாத்திரை ஒன்று எங்கள் பக்கம் வந்திருந்தது. சில பிள்ளைகளுக்கு அது வேலை செய்தது. ஜைனபு அப்படி ஒரு பிள்ளை.

ஐந்து வயது. பரங்கிப்பேட்டைக்காரர்கள். வாப்பா பினாங்கில் ஒரு கடையில் வேலை. உம்மா பிள்ளையோடு சிதம்பரம் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதமாக இருந்தாள். மாத்திரை கொடுத்து வீக்கமெல்லாம் வடிந்து பிள்ளை எலும்பும் தோலுமாகத் தெரிந்தது, ஆனால் சிரித்தது. சிதம்பரத்தில் என்சைம் மாதிரி ரத்தப் பரிசோதனைகள் செய்ய வசதி இல்லை. வாராவாரம் திங்கட்கிழமை ரத்தம் கடலூருக்கு வரும், ஐஸ் போட்ட தெர்மாஸ் பிளாஸ்கில், பாசஞ்சர் ரயிலில். கொண்டு வருகிறவர் ஜைனபுவின் தாய்மாமன் சுல்தான் பாய். சிதம்பரத்தில் துணிக்கடை வைத்திருந்தார்.

"என்னா தங்கச்சி, எங்க புள்ள ரத்தம் டிக்கெட் வாங்கி ரயில்ல வந்திருக்கு. மரியாதையா வாங்கிக்க" என்பார்.

"ஐஸெல்லாம் உருகிப்போச்சே பாய். வழியில எங்க நின்னீங்க?"

"நானா நின்னேன்? வண்டி நின்னுச்சு, புதுச்சத்திரத்துல. இஞ்சினுக்குத் தாகமாம். அத நான் திட்ட முடியுமா?"

பிளாஸ்கில் எப்போதும் இரண்டு சின்ன பாட்டில்கள் இருக்கும். பென்சிலின் வந்த காலி பாட்டில்களைத்தான் கழுவிக் காயவைத்து ரத்தம் எடுக்கப் பயன்படுத்துவோம். ஒன்று வெறும் பாட்டில். அதில் ரத்தம் தானாக உறைந்து, மேலே தெளிந்த நீர் நிற்கும். என்சைம் பார்க்க அதுதான் வேண்டும். இன்னொன்றில் ஆக்சலேட் கரைசல் விட்டுக் காயவைத்திருப்போம். அதில் ரத்தம் உறையாது. யூரியா பார்க்க அது போதும். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் என்பதால் ஆக்சலேட் பாட்டிலின் கழுத்தில் கறுப்பு நூல் கட்டி வைப்பது எங்கள் பழக்கம். ஆக்சலேட் பாட்டிலில் எடுத்த ரத்தத்தில் பாஸ்பட்டேஸ் பார்த்தால் அந்த மருந்து என்சைமை அமுக்கிவிடும். எண்ணைக் குறைத்துக் காட்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எனக்கு இது தெரியும்.

செய்முறையை எழுதி உங்களை அறுக்கப் போவதில்லை. மருந்து கலந்து கால் மணி நேரம் உடம்புச் சூட்டில் வைத்தால் கடைசியில் சிவப்பு வரும். எவ்வளவு சிவப்போ அவ்வளவு என்சைம். பெரியவர்களுக்கு வெளிர் ரோஜா நிறம். பிள்ளைகளுக்கு எலும்பு வளர்வதால் கொஞ்சம் கூட இருக்கும், தர்பூசணிச் சாறு மாதிரி. ஜைனபுவுக்கு ஒரு திங்கட்கிழமை வந்தது வேறு. குழாயைத் தூக்கி ஜன்னலுக்கு நேராகப் பிடித்தேன். ஆறு தெரியவில்லை, மணல் தெரியவில்லை. அவ்வளவு கெட்டிச் சிவப்பு. பத்துப் பங்கு தண்ணீர் விட்டுக் கலக்கித்தான் எண்ணே எடுக்க முடிந்தது. பிள்ளைகளுக்கு முப்பதுக்குள் இருக்க வேண்டியது இருநூற்றுப் பத்து.

சிதம்பரத்து டாக்டர் போனில் கத்தினார். "உங்க லேப்ல தண்ணியில என்னத்தக் கலக்குறீங்க?"

திரும்பச் செய்தேன். அதே எண். அடுத்த திங்கள் இருநூற்று முப்பது. எங்கள் லேப் ஆபீசர் என் மேஜைக்கு வந்து நின்று, "கடலூர் மானத்த வாங்கிட்டியேம்மா" என்றார். அவர் ஒரு குழாயைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. எனக்கும் சந்தேகம் வந்தது. என் கையைப் பார்த்தேன். மருந்தை மாற்றினேன், புதிதாகக் கலக்கினேன். சிவப்பு மாறவில்லை.

சுல்தான் பாய் மட்டும் கேலி பேசினார். "எங்க கடைத் துணிகூட இவ்ளோ ஜாஸ்தி சாயம் புடிக்காது தங்கச்சி. நீ எதுனா போடுறியா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "டாக்டரு மாத்திரை ஈரலக் கெடுக்குதுங்கிறாரு. நிறுத்திட்டு, மெட்ராசுக்கு அனுப்பி வவுத்துல ஊசி உடணுங்கிறாரு. போன வருசம் மாத்திரை கெடைக்காம பத்து நாளு உட்டுப்போச்சு. புள்ள எப்படி ஊதிச்சு தெரியுமா? வவுத்துக்குள்ள சீழ் வச்சு, மவுத்து வரைக்கும் போயிட்டு வந்துச்சு. எங்க அக்காவுக்கு நிறுத்தணும்னு ஒரு சொல்லு காதுல உழுந்தா போதும், ஒக்காந்த எடத்துல மயங்கிப்புடும்."

ஆக விஷயம் இதுதான். என் சிவப்பு நிஜமானால் மாத்திரை நிற்கும். மாத்திரை நின்றால் பிள்ளை வீங்கும்.

மூன்றாவது திங்கள் நல்ல வெயில். பிளாஸ்கைத் திறந்தேன், பாட்டிலை எடுத்தேன், நீரை உறிஞ்சினேன். கால் மணி நேரம் வெந்நீர்த் தொட்டி முனகியது. நான் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆற்றில் யாரோ வெள்ளைத் துணி துவைத்துக் காயப்போட்டிருந்தார்கள். அது காற்றில் எழும்பி எழும்பி அடங்கியது. கடைசி மருந்தை ஊற்றினேன். தர்பூசணிச் சாறு வந்தது. குழாய் வழியாக ஆறு முழுக்க ரோஜா நிறமாகத் தெரிந்தது. இருபத்தெட்டு.

எனக்கு அழுகை வந்தது. அப்படி அழுகிற ஆள் இல்லை நான். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டேன். வெளியே பெஞ்சில் காத்திருந்த சுல்தான் பாயிடம் கொடுத்தேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சாயம் போயிருச்சா தங்கச்சி?"

"போயிருச்சு பாய்."

அந்த வெயிலில் அவர் ஸ்டேஷனுக்கு ஓடியதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். எங்கள் ஆபீசர் வந்து, "அப்பவே சொன்னேன், மொத ரெண்டும் ஓங் கைத்தப்பு" என்றார். பரவாயில்லை, என் தப்பாகவே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

இப்போது நான் செய்த காரியத்தைக் கவனியுங்கள். அந்தத் திங்கட்கிழமை பிளாஸ்கில் இரண்டு பாட்டில் இல்லை. ஒன்றுதான் இருந்தது. சீட்டில் யூரியா, பாஸ்பட்டேஸ் இரண்டும் எழுதியிருந்தது. பாட்டில் ஒன்று. அதன் கழுத்தில் கறுப்பு நூல். என் கண்ணுக்கு முன்னால் இருந்தது, என் விரல் அதைத் தொட்டது. எண் அதிகமாக வந்த இரண்டு வாரமும் எல்லாவற்றையும் துருவித் துருவிப் பார்த்த நான், எனக்கு வேண்டிய எண் வந்ததும் எதையும் பார்க்கவில்லை. தப்பு எல்லாருக்கும் வரும். ஆசைப்பட்டு வருகிற தப்புக்குத்தான் எனக்கு இன்றைக்கும் மன்னிப்பு இல்லை.

சனிக்கிழமை அரை நாள் வேலை. வாரம் முழுக்க ஐஸ் பெட்டியில் வைத்திருந்த பழைய ரத்தத்தை அன்றைக்குத்தான் கொட்டிக் கழுவுவோம். ஜைனபுவின் பாட்டிலைச் சாய்த்தேன். வெறும் பாட்டிலாக இருந்தால் ரத்தம் அல்வாத் துண்டு மாதிரி அடியிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். இது நகர்ந்தது. ஆற்று வண்டல் மாதிரி, அவசரமில்லாமல், கண்ணாடியை ஒட்டி நகர்ந்து என் பக்கம் வந்தது. ஐந்து நாளாகியும் உறையவில்லை. அப்புறம்தான் நூலைப் பார்த்தேன்.

கொஞ்ச நேரம் அதைச் சாய்ப்பதும் நிமிர்த்துவதுமாக நின்றேன். பிறகு கம்பவுண்டரைக் கூப்பிட்டு என் கையில் குத்தச் சொன்னேன். என் ரத்தத்தை வெறும் பாட்டிலில் பாதி, ஆக்சலேட் பாட்டிலில் பாதி. இரண்டையும் செய்து பார்த்தேன். வெறும் பாட்டிலில் எண் சரியாக வந்தது. நூல் கட்டியதில் நிறமே வரவில்லை என்று சொல்லலாம்.

ஆபீசரிடம் போய்ச் சொன்னேன். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்.

"புள்ளைக்கு மாத்திரை நடக்குதுல்ல?" என்று கேட்டார்.

"நடக்குது சார்."

"திங்கக்கிழமை வீட்டுக்கு அனுப்புறாங்கல்ல?"

"ஆமா சார்."

"அப்புறம் என்னா? கம்மி நம்பரு யாரையும் கொன்னதில்ல. மூடிக்கிட்டு வீட்டுக்குப் போ."

அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. பொய் எண்ணால் பிள்ளைக்கு மாத்திரை கிடைக்கிறது. நிஜ எண்ணால் மாத்திரை நிற்கும். நான் வாயை மூடினால் ஒரு பிள்ளை பிழைக்கும், என் மானமும் பிழைக்கும். வீட்டுக்குப் போனேன். சாப்பிட முடியவில்லை.

ஞாயிறு காலை சிதம்பரம் ரயிலில் உட்கார்ந்திருந்தேன். பையில் ஊசியும் வெறும் பாட்டிலும் ஐஸ் பிளாஸ்கும். சொல்வதாக முடிவு செய்து போகவில்லை. ரத்தம் எடுத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் திரும்பிவிடலாம் என்றும் ஒரு நினைப்பு. வண்டி ஆலப்பாக்கம் தாண்டி வயல்களுக்கு நடுவே ஆடிக்கொண்டே போனது. பனி இன்னும் விலகவில்லை. பனைமரங்கள் இடுப்பு வரைக்கும் வெள்ளையில் நின்றன. பெட்டியில் எல்லாரும் தூங்கி விழுந்துகொண்டிருந்தார்கள். எனக்கும் கண் செருகியது. தூக்கத்தில் நான்கு எண்களும் வரிசையாக வந்தன. இருநூற்றுப் பத்து, இருநூற்று முப்பது, இருபத்தெட்டு, அப்புறம் இன்னும் வராத ஒன்று.

பரங்கிப்பேட்டை வந்தது, போனது. வண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியது. அந்தச் சத்தத்தில் விழித்தேன். கீழே ஆறு கடலைப் பார்த்து அகலமாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் அந்த வராத எண் என்னவாக இருக்கும் என்று யோசித்தேன். வீட்டுக்குப் போனாலும் அடுத்த வாரம் நல்ல பாட்டிலில் ரத்தம் வரும். இருநூறு என்று வைத்துக்கொள்வோம். முந்தைய எண் இருநூற்று முப்பது என்றால் அது இறக்கம். முந்தைய எண் இருபத்தெட்டு என்றால் அது ஏழு நாளில் வானத்துக்குத் தாவிய ஏற்றம். எந்த டாக்டரும் அந்த நிமிஷமே மாத்திரையை நிறுத்துவார். மெட்ராசுக்கு அனுப்புவார். குறைந்த எண் யாரையும் கொல்லாது என்றார் ஆபீசர். இந்த எண் கொல்லும். அடுத்த வாரம் கொல்லும். இறங்குகிற பிள்ளையை ஏறுகிற பிள்ளையாகக் காட்டும்.

பாலம் முடிந்தது. சத்தம் நின்றது. நான் கொட்டக் கொட்ட விழித்திருந்தேன்.

வார்டில் ஜைனபு கட்டில்களுக்கு நடுவே ஒரு காலில் நொண்டி விளையாடிக்கொண்டிருந்தாள். என் கையில் ஊசியைப் பார்த்ததும் நின்றாள்.

"ஒரு குத்தா, ரெண்டு குத்தா?" என்றாள்.

"ஒண்ணு."

"போன வாட்டியும் ஒண்ணுதான். நர்ஸக்கா ஒரே குத்துல முடிச்சாங்க. பாவம் புள்ள, ஒண்ணு போதும்னாங்க."

பக்கத்துக் கட்டிலில் போர்வை மடித்துக்கொண்டிருந்த நர்ஸ் சிரித்தாள். நல்ல பெண். அவ்வளவு சின்ன நரம்பில் ஒரு குத்தில் ஒரு பாட்டிலுக்குத்தான் ரத்தம் வரும். இன்னொரு குத்து வேண்டாம், பிள்ளை அழும் என்று இரக்கப்பட்டு, யூரியா பாட்டிலிலேயே இரண்டையும் பார்த்துக்கொள்ளட்டும் என்று அனுப்பியிருக்கிறாள். என் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

ரத்தம் எடுத்து முடித்தபோது டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். சொன்னேன். நின்றபடியே கேட்டார்.

"அப்போ இருபத்தெட்டு பொய்யா?"

"பொய் சார்."

"இருநூத்தி முப்பது?"

"நெசம் சார்."

"யாரு எடுத்தது அந்த ரத்தம்?"

நர்ஸ் போர்வையைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

"யாரு எடுத்தா என்னா சார். கறுப்பு நூலு எம் மூஞ்சிக்கு நேரா இருந்துச்சு. பாக்காதது நானு."

"அப்போ மாத்திரைய இன்னிக்கே நிறுத்தணும்."

"எதுக்கு சார்?"

அவர் அப்போதுதான் என்னை நன்றாகப் பார்த்தார். டெக்னீஷியன்கள் அவரிடம் அப்படிக் கேட்பதில்லை.

"நம்பரு நெசம்னுதான் சொன்னேன்" என்றேன். "அது என்னா சொல்லுதுன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது சார். மொத ரெண்டு வாரத்து மஞ்சக்காமாலை டெஸ்ட் சரியா இருக்கு. கால்சியம், பாஸ்பரஸ் சரியா இருக்கு. எலும்பும் கெடல, ஈரலும் கெடல. இது ஒண்ணுதான் ஏறி நிக்குது. புள்ள அதோ நொண்டி அடிச்சிக்கிட்டிருக்கு."

"நீ என்ன டாக்டரா?"

"இல்ல சார். அதனாலதான் தெரியாதுன்னு சொல்ல முடியுது."

என் வாயால் நான் வேலை இழந்திருக்க வேண்டிய நேரங்களில் அது ஒன்று. டாக்டர் ஜைனபுவைப் பார்த்தார். அவள் நொண்டிக்கொண்டே அவரைச் சுற்றி வந்து அவர் கோட்டைப் பிடித்து நின்றாள், விழாமலிருக்க. அவர் அவள் காலை அமுக்கிப் பார்த்தார். விரல் பதியவில்லை. வீக்கம் இல்லை.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும்" என்றார். "நீ எடுத்த ரத்தத்துல நம்பரு இருநூத்தி முப்பதுக்கு மேல ஏறியிருந்தா நான் நிறுத்துவேன். எறங்கியிருந்தா காத்திருப்போம். போன்ல நீயே சொல்லணும்."

வாசலில் ஜைனபுவின் உம்மா நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். முக்காடு தோளில் விழுந்து கிடந்தது. அதை எடுத்துப் போடக்கூட இல்லை.

"ஆறு நாளு நிம்மதியா சோறு தின்னேன்" என்றாள். "ஆறே ஆறு நாளு. அதையும் புடுங்கிக்கிட்டுப் போவவா ரயிலேறி வந்தே?"

என்னிடம் பதில் இருந்தது. பாலத்தில் கண்டுபிடித்த கணக்கு முழுதும் இருந்தது. ஏற்றம், இறக்கம், முந்தைய எண். சொல்லவில்லை. ஒரு தாயிடம் அந்த நேரத்தில் அதைச் சொல்லி நான் நியாயவாதி ஆக வேண்டியதில்லை. "ஆமாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன்.

திரும்பும் ரயிலில் பிளாஸ்கை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். அதற்குள் ரத்தம் உறைந்துகொண்டிருந்தது. உறையட்டும், நன்றாக உறையட்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். மத்தியான வெயிலில் உப்பளங்களும் வயல்களும் ஒரே வெளிச்சமாகக் கலங்கித் தெரிந்தன. ஏதோ ஒரு ஸ்டேஷனில் வண்டி வெகுநேரம் நின்றது. எது என்று ஞாபகம் இல்லை. யாரும் ஏறவில்லை, இறங்கவில்லை. உலகத்தில் நானும் அந்த பாட்டிலும் மட்டும் இருந்தோம்.

திங்கள் காலை செய்தேன். கால் மணி நேரம். ஜன்னலை மூடிவிட்டேன், ஆறு வேண்டாம் என்று. சிவப்பு ஏறியது. கெட்டியாகத்தான் ஏறியது. கண்ணால் பார்த்து முன்னதைவிடக் கூடவா குறைவா என்று சொல்ல முடியவில்லை. தண்ணீர் கலந்து எண் எடுத்தேன். இரண்டாவது தடவையும் எடுத்தேன். இரண்டு தடவையும் நூற்று எழுபது.

போனில் சிதம்பரம் கிடைக்க ஒரு மணி நேரம் ஆனது.

"நூத்தி எழுவது சார். வெறும் பாட்டில். உறைஞ்ச ரத்தம். நானே பாத்தேன்."

"அடுத்த வாரமும் நீயே செய்" என்றார் டாக்டர். மாத்திரை நிற்கவில்லை.

அதற்கடுத்த வாரங்களை நான் வாரமாக நினைவு வைத்திருக்கவில்லை, நிறமாகத்தான் வைத்திருக்கிறேன். செம்பருத்தி, அப்புறம் மாதுளை, அப்புறம் தர்பூசணி. ஒவ்வொரு திங்களும் குழாய் வழியாக ஆறு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய ஆரம்பித்தது. ஏன் ஏறியது, ஏன் தானாக இறங்கியது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. டாக்டர் புத்தகங்களைப் புரட்டினார். கிடைக்கவில்லை. நான் யாரிடமும் கேட்கவில்லை.

போன் செய்த பெண் போன வாரம் திரும்பக் கூப்பிட்டாள். திட்டு வாங்கியும் கூப்பிட்டாள், அதனால் அவள் தேறுவாள். "பாட்டில் சரியாத்தான் இருக்கும்மா. ரெண்டு தடவை பாத்துட்டேன். நம்பரும் அதேதான்" என்றாள். சின்னப் பிள்ளைகளுக்கு, சிறுநீரகம் மாற்றிய பிள்ளைகளுக்குக்கூட, இந்த என்சைம் இப்படித் தனியாக ஏறி சில வாரங்களில் தானாக இறங்குவது உண்டென்று இப்போது தெரிந்திருக்கிறதாம். பெரிய டாக்டர் ஒருவர் வந்து பார்த்து, காத்திருக்கலாம் என்று சொல்லிவிட்டாராம். அதற்கு ஒரு நீளமான பெயரும் சொன்னாள். மறந்துவிட்டேன். பெயர் தெரியாத காலத்திலும் ஒரு பிள்ளை காத்திருந்து பிழைத்தது. அந்தக் காத்திருப்புக்கு எங்களிடம் இருந்த ஒரே பிடி, ஒழுங்கான பாட்டிலில் வந்த எண். அது வேண்டாத எண்ணாக இருந்தாலும்.

கடைசியாக ஜைனபுவைப் பார்த்தது கடலூரில், கடைசிப் பரிசோதனைக்கு. உம்மாவே அழைத்துக்கொண்டு வந்திருந்தாள். சுல்தான் பாய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் ஆபீசரின் சட்டைத் துணி என்ன விலை என்று விசாரித்துக்கொண்டிருந்தார், அது மட்டமான துணி என்று சொல்வதற்காக. உம்மா என்னிடம் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. பிள்ளையை ஸ்டூலில் தூக்கி உட்காரவைத்தாள்.

"இதோட சரிதானே?" என்று என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"இது சரியா வந்தா சரிதாங்க."

"இனிமே ஓம் மூஞ்சியிலயே முழிக்கக் கூடாதுன்னு தெனமும் துவா செய்றேன், தெரியுமா?"

"நானும் அதத்தாங்க வேண்டிக்கிறேன்."

அவள் முகம் கொஞ்சம் கோணியது. சிரிப்பா அழுகையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள்.

ஜைனபு கையை நீட்டாமல் பின்னால் வைத்திருந்தாள்.

"ஒரு குத்தா, ரெண்டு குத்தா?"

ஒன்று என்று சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டு இரண்டு குத்தியிருக்கலாம்.

"ரெண்டு" என்றேன்.

அவள் இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள்.

அவர்கள் போன பிறகு பாட்டில்களை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தேன். ஆற்றில் வெயில் ஏறியிருந்தது. திரும்பி வந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். கறுப்பு நூல் கட்டியதைச் சாய்த்தேன், ரத்தம் நகர்ந்தது. நூல் இல்லாததை எடுத்துச் சாய்த்தேன். இன்னும் சாய்த்தேன். முழுதாகக் கவிழ்த்தே பிடித்தேன்.

ரத்தம் அசையவில்லை.